முதல் நான்கு நிமிடம்

மழை வேண்டாம். மழை, இடி, கரண்ட் போவது, ஊஞ்சல் தானாக ஆடுவது, ஒரு கண் பிடுங்கின பொம்மை, மலைப்பாதையில் வளைந்து போகும் காரை மேலிருந்து ட்ரோனில் காட்டுவது, பூட்டிக் கிடக்கும் பங்களா, வாசலில் ஒரு வாட்ச்மேன் "அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று சொல்வது, ஒன்றும் வேண்டாம். இதை வைத்தெல்லாம் படத்தை ஆரம்பிக்கிறவன் பேயைப் பார்த்ததும் இல்லை, மனுஷனைப் பார்த்ததும் இல்லை என்று நினைத்துக்கொண்டே சிமெண்ட் படியில் உட்கார்ந்தேன். காலை ஏழரைக்கே படி சுட ஆரம்பித்திருந்தது. ஒன்பது மணிக்கு ரத்தினசபாபதி கூப்பிடுவார். நாமக்கல்லில் மூன்று மாடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற மனிதர். பாத்ரூம் சுவருக்கு டால்பின் படம் போட்ட டைல்ஸ் விற்றுப் பெரிய ஆளானவருக்கு ஒரு பேய்ப் படம் எடுக்கத் தோன்றியிருக்கிறது. "முதல் நாலு நிமிஷம் என்னன்னு சொல்லுங்க தம்பி, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்று அவர் சொல்லி மூன்று வாரமாகிறது. நாற்பத்து நான்கு வயதில் தம்பி. கதை கையில் இருக்கிறது. ஒரு சிறுமி காணாமல் போகிறாள், அவள் அப்பாவின் கண்ணுக்கு மட்டும் அவள் வீட்டுக்குள் நடமாடுகிறாள், அது பேயா, பைத்தியமா, அவரே செய்த கொலையா என்று கடைசி ரீல் வரை தெரியக்கூடாது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆரம்பம்தான் இல்லை. அந்த அப்பாவின் கண்ணை நம்பக் கூடாது என்பதை முதல் நான்கு நிமிடத்திலேயே காட்டிவிட வேண்டும், ஆனால் அவருக்கும் தெரியக்கூடாது, பார்க்கிறவனுக்கும் உடனே புரியக்கூடாது. இதை ரத்தினசபாபதிக்குச் சொன்னால், "முதல்ல ஒரு அலறல் போட்டுடலாமுங்க" என்பார். போன வாரம் அதைத்தான் சொன்னார்.

கீழே குளத்தில் நாற்பது பிள்ளைகள். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்துக் குளம், கோடை விடுமுறைக்குப் பதினைந்து நாள் வகுப்பு, இன்று கடைசி நாள். எல்லாத் தலையிலும் ஒரே நீலத் தொப்பி, எல்லா முகத்திலும் தவளைக் கண்ணாடி. முதல் நாள் படியில் உட்கார்ந்த பெற்றோர் எல்லாம் தங்கள் பிள்ளை எது என்று கழுத்தை நீட்டித் தேடினார்கள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. என் பெண் சஹானாவின் நீச்சல் உடையில் பக்கவாட்டில் ஒரு ஆரஞ்சுக் கோடு, நானே பார்த்து வாங்கினது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், அவள் எந்த மூலைக்குப் போனாலும் தெரியும். பதினொரு வருடம் இணை இயக்குநராக இருந்தவனின் கண் இது. கதாநாயகன் வாட்சை மாற்றுக் கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றதை மானிட்டர் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கிறேன். மேஜை மேல் டம்ளரில் தண்ணீர் ஒரு விரல் குறைந்ததைச் சொல்லி மொத்த யூனிட்டையும் நிறுத்தியிருக்கிறேன். இந்தப் படியில் இருக்கிறவர்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. ஒரு அம்மா ஃபோனில் யாருக்கோ ரசப்பொடி அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் திறந்திருந்தது. எனக்கு இரண்டு படி தள்ளி, பதினைந்து நாளாக அதே இடத்தில், ஒரு பருமனான ஆள். மின்வாரியத்தில் வேலை என்று கேட்காமலே சொன்னார். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. அவருடைய பிள்ளை எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் பெண் சுவரைத் தொடும்போதெல்லாம் கைதட்டுவார். யார் பிள்ளைக்கும் கைதட்டுகிற ரகம். கல்யாண வீட்டில் யார் பாடினாலும் தலையாட்டுவார்களே, அந்த ரகம். இவர்தான் தியேட்டரில் ஊஞ்சல் ஆடினால் பக்கத்து ஆளின் கையைப் பிடிப்பவர். இவருக்காகத்தான் நான் படம் எடுக்க வேண்டும்.

அலறல் இல்லாமல், இருட்டு இல்லாமல், நல்ல வெயிலில் பயம் வர வேண்டும். வெயிலில் எதைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன்? யோசித்தால் முதலில் வருவது ஆறு நாளில் தூக்கப்பட்ட என் முதல் படம்தான், மதியக் காட்சிக்குப் பதினேழு தலை. அது பயம் இல்லை, அவமானம். அதற்கு முன்னால்? ஆஸ்பத்திரி. சஹானா பிறந்த அன்று காலை பத்து மணி இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஒரு பச்சைத் துணி மூட்டையைத் தூக்கிக் காட்டி "உங்க குழந்தை சார்" என்றாள். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சிவப்பாக, சுருங்கி, பக்கத்துத் தொட்டிலில் இருந்தது போலவே இருந்தது. இவளுக்கு எப்படித் தெரியும் இது என்னுடையதென்று, அவளே இரண்டையும் கலந்துவிட்டிருந்தால் என்று ஒரு கணம் பயந்தேன். அடுத்த கணம், "என் மூக்கு அப்படியே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரேணுகாவிடம்கூட இதைச் சொன்னதில்லை, இத்தனைக்கும் பத்து வருடக் கல்யாணத்தில் அவளிடம் சொல்லாதது குறைச்சல். இதை ஆரம்பமாக வைக்கலாமா? ஆஸ்பத்திரி, குழந்தை மாறிப்போவது. தூ. நூறு சீரியலில் வந்தாயிற்று. ரத்தினசபாபதிக்குப் பிடிக்கும், அதனாலேயே கூடாது. ஆனாலும் மனசு அந்தப் பச்சைத் துணியை விட்டு நகரவில்லை. ஆரஞ்சுக் கோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. தலை வெளியே வரவே இல்லை. எவ்வளவு அழகாக நீந்துகிறாள். முதல் மூன்று நாள் தண்ணீரைக் கண்டு அழுதவள் நாலாவது நாளே மீன் மாதிரி ஆகிவிட்டாள். தினமும் காரில் சொல்வேன், இன்னைக்குத் திரும்பறப்போ காலை நல்லா உதைச்சே, இன்னைக்கு மூச்சு நல்லாப் பிடிச்சே என்று. ஒரு சிரிப்புக்கூட சிரிக்க மாட்டாள். அம்மா மாதிரி அழுத்தம். பாராட்டைத் துடைத்துப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

எட்டே காலுக்குக் கோச் விசில் ஊதினான். ஊதிக் கையில் மைக்கை வாங்கிக்கொண்டான், நாற்பது பிள்ளைகளுக்கு மைக் எதற்கு. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், கூப்பிட்டவர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீந்திக் காட்ட வேண்டும், பெற்றோர் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். தூங்கியவர்கூட எழுந்து ஃபோனை நீட்டினார். நானும் நீட்டினேன். ரேணுகா கேட்டிருந்தாள். ஆரஞ்சுக் கோடு மேடையில் ஏறி நின்றது. ஃப்ரேமை நேர் செய்தேன், மேலே கொஞ்சம் வானம், கீழே தண்ணீர், நடுவில் என் பெண். "பிரகதி" என்றான் கோச். அவள் குதித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து நாளில் பிள்ளைகளின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாதவன், இவனை நம்பி ஆழத்தில் இறக்குகிறார்கள். அவளும் பெயர் மாறியதைக் கவனிக்காமல் குதித்துவிட்டாள் பார் என்று ரேணுகாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும். நேர்க்கோட்டில் போய் மறுசுவரைத் தொட்டாள். மின்வாரிய ஆள் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணெல்லாம் ஈரம்.

"பாத்தீங்களா சார், தலையை வெளிய எடுக்கவே இல்ல."

"எடுக்க மாட்டா," என்றேன். "முதல் வாரத்துலேயே பழகிட்டா."

"நீங்களும் கவனிச்சிருக்கீங்களா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வீட்டுல பக்கெட் தண்ணியில முகத்தை வெச்சு மூச்சுப் பிடிச்சுப் பிடிச்சுப் பழகினா சார். அவங்கம்மா திட்டிக்கிட்டே இருப்பா."

"எங்க வீட்டுலயா?"

"எங்க வீட்டுல சார்." அவர் சிரித்தார். "என் பொண்ணு, பிரகதி. உங்க பாப்பா எது? பதினஞ்சு நாளாக் கேக்கணும்னு நெனச்சேன், நீங்க ஏதோ யோசனையிலயே இருப்பீங்க."

கையைத் தூக்கிக் காட்டப் போனேன். விரல் தூக்கினபடியே நின்றது. மறுசுவரில் அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள், கண்ணாடியைக் கழற்றினாள். அகலமான நெற்றி, முன்பல் ஒன்று இல்லை, அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். அந்த முகத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சரி, அப்படியென்றால் இன்னொரு ஆரஞ்சுக் கோடு. தேடினேன். இருந்தது, ஒன்று குளத்தின் ஓரத்தில், இன்னொன்று குழாயடியில், மூன்றாவது ஒரு பையன். குளத்து வாசலில் இருந்த கடையில் வாங்கினது அது, எல்லாரும் அங்கேதான் வாங்கியிருக்கிறார்கள். தொப்பிகளை எண்ணினேன். முப்பத்தாறு வந்தது. திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்பது. நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நாற்பது பேர் என்று எனக்கு யார் சொன்னது? பிறகு கண் தானாகத் தண்ணீருக்கு அடியில் போனது. வெயில் பட்டுத் தகதகவென்றிருந்தது, அடியில் கறுப்புக் கோடுகள், ஒரு கோடு மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது போலிருந்தது. அதையே பார்த்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனசில் ஒரு மூலை, கேமராவை இங்கேதான் வைக்க வேண்டும், படியின் உயரத்தில், சத்தத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டது. என் பெண் அடியில் கிடக்கிறாளோ என்று பார்க்கும்போதே குறித்துக்கொண்டது. அந்த மூலையைப் பிடித்து வெளியே இழுத்துச் செருப்பால் அடிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

படிகளில் இறங்கி ஓடினேன். யாரோ "செருப்போட வராதீங்க" என்றார்கள். பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் ரோஸி அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவள், பெயரே பிறகுதான் தெரிந்தது, பதினைந்து நாளாக இவளைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை.

"சஹானா," என்றேன். "சஹானா எங்க?"

"உள்ளதான் சார் இருக்கா. டவல் மடிச்சிட்டிருக்கா."

"தண்ணியில..."

"அவ தண்ணியில இறங்கிப் பன்னெண்டு நாள் ஆகுதே." ரோஸி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணாம் நாளு தண்ணி குடிச்சுப் பயந்துடுச்சு. அப்பாகிட்ட சொல்லிட்டேன், இறங்க வேணாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லிச்சே. சொல்லலையா?"

"சொன்னா," என்றேன். அது பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

உள்ளேயிருந்து சஹானா வந்தாள். நீச்சல் உடையின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள், தலைமுடி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஷவருக்கு அடியில் தலையை மட்டும் நீட்டி நனைத்துக்கொள்வாளாம், ரோஸி அக்கா சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "ரோஸி அக்கா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் காருக்கு நடந்தாள்.

காரில் ஏறி ஏசியைப் போட்டேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். திட்ட வேண்டும் என்று இருந்தது, யாரையாவது, அந்தக் கோச்சை, ரோஸி அக்காவை, ஒரே மாதிரி உடை விற்கிற கடைக்காரனை. ஒரு அப்பா பொறுப்பாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இத்தனை பேர் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறார்கள். வண்டியை எடுத்துத் தெருமுனை தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே."

"எப்போ?"

"மூணாவது நாள். வண்டியில. மூக்குல தண்ணி போயிடுச்சு, எனக்குப் பயமா இருக்கு, நாளைலேருந்து இறங்க மாட்டேன்னு. நீங்க ஃபோன்ல இருந்தீங்க. சரிடான்னு சொன்னீங்க."

ரத்தினசபாபதி. ஊஞ்சலா பொம்மையா என்று இருபது நிமிடம் பேசினார் அன்றைக்கு. நான் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு சரி சொல்லியிருக்கலாம்.

"அப்ப நீ நல்லா நீந்தினேன்னு நான் தினமும் சொன்னேனே. இல்லப்பா, நான் இறங்கவே இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கண்ணாடியில் பார்த்தேன். நகத்தால் பையின் ஜிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "அப்புறம் தினமும் சொன்னீங்க. திரும்பறப்போ உதைச்சேன்னு, கை நல்லா நீட்டினேன்னு. எல்லாம் கரெக்டா சொன்னீங்க. எனக்குப் பயமாயிடுச்சு."

"என்ன பயம்?"

"நான் அங்க இருக்கேனோன்னு." குரல் சின்னதாகிவிட்டது. "ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கு, ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பாத்தேன், தண்ணியில நான் இருக்கேனான்னு. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாங்க. தெரியல. ரோஸி அக்காவைக் கூப்பிட்டு, நான் இங்கதானே இருக்கேன்னு கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"டவல் மடிக்கச் சொன்னாங்க."

ஒன்பது வயதுப் பெண், பன்னிரண்டு நாள், தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி நின்று, தான் தண்ணீரில் இருக்கிறோமா என்று பார்த்திருக்கிறாள். அவளைப் பயமுறுத்தியது மேலே படியில் உட்கார்ந்திருந்த என் கண். இதை நினைத்து நெஞ்சு அடைத்தது. அடைத்தது நிஜம்தான், அதில் நடிப்பு இல்லை. அதே மூச்சில் தெரிந்துவிட்டது, இதுதான் அந்த நான்கு நிமிடம். வெயில், குழந்தைகள் சத்தம், ஒரு அப்பா, பொய்யே சொல்லாத ஒரு கண். அலறல் இல்லை, இருட்டு இல்லை. மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்ததை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திருமங்கலம் சிக்னலுக்கு வரும்போது ஃபோன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரில் ரத்தினசபாபதியின் குரல் நிறைந்தது. "சொல்லுங்க தம்பி, முதல் நாலு நிமிஷம்." அப்புறம் கூப்பிடுகிறேன் சார், குழந்தை கூட இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஸ்பீக்கரையாவது நிறுத்தியிருக்கலாம். ஒரு பட்டன்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தன் இரண்டு கதையோடு அவர் கடை வாசலில் காத்திருக்கிறான் என்று கேள்வி. சொன்னேன். நீச்சல் குளம் சார், காலை வெயில் என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் சொன்னேன், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உடைந்த கண்ணாடி ஜன்னலைச் சொன்னேன், ஸ்டூலைச் சொன்னேன். ரோஸி அக்காவுக்கு மட்டும் ஒரு வெள்ளைச் சேலை கட்டிவிட்டேன், அவருக்காக. அந்தப் பக்கம் டைல்ஸ் கடையில் யாரோ எதையோ இறக்கி வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"புல்லரிச்சுப் போச்சுங்க," என்றார் கடைசியில். "இதை எங்க புடிச்சீங்க தம்பி?"

"தோணுச்சு சார்."

"ஒண்ணு சொல்றனுங்க. இடைவேளைக்கு முன்னாடி அந்தக் குழந்தை போயிடணும். அதே தண்ணியில. அப்பன் மேல படியில உக்காந்து பாத்துட்டே இருக்கோணும்."

அவர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அது. அதுதான் எரிச்சலாக இருந்தது. "ஆமா சார்," என்றேன். "நானும் அதைத்தான் நெனச்சேன்."

"நாளைக்கே கிளம்பி வாங்க. பேசி முடிச்சுக்கலாமுங்க."

குரல் நின்றதும் வண்டிக்குள் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. சிக்னலில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன, எழுபத்து மூன்று, எழுபத்திரண்டு.

"அது நான் சொன்னதுதானே?" என்றாள் சஹானா.

"ஆமா."

"அந்தப் பொண்ணு செத்துடுவாளா?"

"படத்துலதானே பாப்பா."

"அவ அப்பா மேலதானே உக்காந்திருக்காரு. ஓடிவந்து தூக்க மாட்டாரா?"

மாட்டார், அதுதான் படமே என்று சொல்ல வாய் வந்தது. "தூக்குவார்," என்றேன்.

"எந்தப் பொண்ணை?"

கோபமாகக் கேட்கவில்லை. கதை தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கண்ணாடியில் பாதி முகம்தான் தெரிந்தது. சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தேன். இடது புருவத்துக்குக் கீழே ஒரு கொசுக்கடி, சொறிந்து புண்ணாகியிருந்தது, எப்போது கடித்தது என்று தெரியவில்லை. உதட்டோரம் வெயிலில் வெடித்திருந்தது. காதில் தோடு ஒன்றுதான் இருந்தது, மற்றது எங்கே, எத்தனை நாளாக இல்லை, ரேணுகாவுக்காவது தெரியுமா. இவ்வளவு கிட்டத்தில், இந்த வெளிச்சத்தில், முகத்தை மட்டும் பிடிக்க எழுபத்தைந்து லென்ஸ் என்று மனசின் அந்த மூலை சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. துண்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"பச்சை விழுந்துடுச்சுப்பா," என்றாள். "முன்னாடி பாத்து ஓட்டுங்க."